வாடகை நாளில் ஒரு வங்காளப் படம்

அன்று அந்த முன் அறையில் இருந்தவர்கள் யார் யார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். வீட்டுக்காரர், பக்கத்து வீட்டுக் குஜராத்திக்காரர், அவருடைய மனைவி, மாடியில் சின்ன அறையில் இருந்த மலேசியத் தம்பி, என் கணவர், நான், எங்கள் மகள். ஏழு பேர். மகள் படம் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் என் மடியில் நித்திரையாகிவிட்டாள், ஆகவே படம் பார்த்தது ஆறு பேர் என்றும் சொல்லலாம். நான் பார்த்தது கணக்கில் சேருமா என்பதும் சந்தேகம்தான்.

இடம் லண்டனில் ஹரோ. வருடம் இரண்டாயிரத்து நாலாக இருக்க வேண்டும். மகள் அந்தப் புரட்டாதியில்தான் பள்ளிக்கூடம் தொடங்க இருந்தாள். மாசி மாதம், நல்ல குளிர்.

நாங்கள் அந்த வீட்டின் கீழ்த்தளத்தில் பின் அறையில் வாடகைக்கு இருந்தோம். சமைக்கிற குசினி எல்லோருக்கும் பொது. வீட்டுக்காரர் கல்கத்தாப் பக்கத்து மனிதர். எழுபது வயது தாண்டியவர், மனைவியை இழந்தவர். ஊரில் அவர்கள் பெரிய நிலக்காரக் குடும்பம் என்றும், அவருடைய தாத்தா காலத்தில் வீட்டு வாசலில் யானை நின்றது என்றும் மலேசியத் தம்பி சொல்லுவான். யானை உண்மையோ தெரியாது. ஆனால் குப்பை வாளியை வாசலுக்குத் தள்ளிக்கொண்டு போகும்போதுகூட அவர் இஸ்திரி போட்ட சட்டைதான் போட்டிருப்பார்.

வாடகை கிழமைக்குத் தொண்ணூறு பவுண், சனிக்கிழமைகளில் கையில் கொடுக்க வேண்டும். குடிவரும்போது டெபொசிட் என்று நானூற்றைம்பது கொடுத்திருந்தோம். எழுத்தில் ஒன்றும் இல்லை. அந்த நானூற்றைம்பது என் கணவர் பெற்றோல் ஷெட்டில் இரவு ஷிப்ட் செய்து இரண்டு வருடமாகச் சேர்த்தது. அதைத் தவிர எங்களிடம் வேறு காசு இல்லை. அது போனால் இன்னோர் அறை எடுக்க வழியில்லை. அந்த இடத்தை விட்டுப் போனால் மகளுக்குக் கிடைத்த பள்ளிக்கூடமும் போய்விடும்.

நான் எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள். எதற்கும் பயப்படுகிற ஆள். தபால்காரர் கதவைத் தட்டினால் ஏதோ வந்துவிட்டது என்று நெஞ்சு இடிக்கும். அப்படிப்பட்ட எனக்கு அந்த மாரி முழுவதும் பயப்படுவதற்குக் காரணம் கிடைத்துக்கொண்டே இருந்தது. முதலில் முன் அறையில் இருந்த பியானோவை இரண்டு பேர் வந்து தூக்கிக்கொண்டு போனார்கள். பிறகு பெரிய மேசை போனது. பிறகு கம்பளம். கம்பளம் கிடந்த இடம் மட்டும் பலகைத் தரையில் வெளிறாமல் தெரிந்தது. ஹீட்டிங் காலையில் ஒரு மணித்தியாலம்தான் ஓடியது. மின்சாரத்துக்குச் சாவி மீட்டர் வந்தது. அந்தப் பிளாஸ்டிக் சாவியைக் கடைக்குக் கொண்டுபோய்க் காசு ஏற்றி வந்து மீட்டரில் செருகினால்தான் வீட்டில் லைட் எரியும். பில் கட்டாதவர்களுக்குத்தான் அதைப் பூட்டுவார்கள் என்று எனக்கே தெரியும்.

மலேசியத் தம்பி அக்கவுண்டன்சி படிக்க வந்து, பிறகு இங்கேயே ஒரு ஒபிஸில் வேலைக்குச் சேர்ந்தவன். ஒரு நாள் குசினியில் வைத்துச் சொன்னான்.

"அக்கா, இந்த வீடு பேங்குக்குப் போகப் போகுது. போச்சுன்னா டெபொசிட் காசு யாரும் தர மாட்டாங்க லா. நான் வாடகை குடுக்கிறத நிறுத்திட்டேன். என் காசு கழியிற வரைக்கும் இருந்துட்டுப் போயிடுவேன். நீங்களும் அப்படியே செய்ங்க."

கணக்குப் படித்தவன் சொல்கிறான். கணவரிடம் கேட்டால், "இருக்கிற வீட்டுக்கு வாடகை குடுக்கத்தானே வேணும்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துவிட்டார். நான் இரண்டுக்கும் நடுவில் நின்றேன். ஒவ்வொரு சனிக்கிழமையும் இந்தக் கிழமையோடு நிறுத்துவோம் என்று நினைப்பதும், பிறகு பயந்து கொண்டுபோய்க் கொடுப்பதுமாக இருந்தேன்.

இப்படி இருக்கையில் ஒரு நாள் வீட்டுக்காரர் எங்கள் அறைக் கதவைத் தட்டி, வெள்ளை உறை ஒன்றை இரண்டு கையாலும் நீட்டினார். உள்ளே தங்கக் கரை போட்ட தடித்த மட்டை, இங்கிலிஷில் அச்சடித்தது. வீட்டை விட்டு எழும்பச் சொல்கிற நோட்டீஸ்தான் என்று முடிவு கட்டிவிட்டேன். பின்னேரம் தம்பி வந்து வாசித்துவிட்டுச் சிரித்தான். வருகிற சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு முன் அறையில் ஒரு படம் காட்டுகிறாராம். நாங்கள் குடும்பத்தோடு வந்து சிறப்பிக்க வேண்டுமாம்.

ஒரே வீட்டில் இருக்கிறவர்களுக்கு, அதுவும் ஒரே குசினியில் முட்டை பொரிக்கிறவர்களுக்கு, எதற்கு அழைப்பிதழ்? பிறகுதான் தெரிந்தது. அவருடைய மனைவியின் பிறந்தநாளில் ஒவ்வொரு வருடமும் வீட்டில் பாட்டுக் கச்சேரி வைப்பாராம். முன்பெல்லாம் சிதார் வாசிக்கிறவர், தபேலா வாசிக்கிறவர் என்று ஆட்கள் வந்து, ரோட்டு முழுவதும் கார் நிற்குமாம். வரவரக் குறைந்து, போன வருடம் ஒரே ஓர் ஆள் வந்து பாடினாராம். இந்த வருடம் அதற்கும் வழியில்லை. அதனால் கச்சேரி வருகிற ஒரு பழைய வங்காளப் படம்.

நான் மனதுக்குள் போட்ட கணக்கு வேறு. சனிக்கிழமை வாடகை நாள். எல்லோரையும் வைத்துக்கொண்டு வீடு போகிற கதையைச் சொல்லப் போகிறார், அல்லது தம்பியிடம் வாடகை கேட்கப் போகிறார் என்று நினைத்தேன். தொண்ணூறு பவுணை ஓர் உறையில் போட்டு, கோட்டுப் பொக்கற்றில் வைத்துக்கொண்டுதான் போனேன். கொடுப்பதா விடுவதா என்று அப்போதும் முடிவு இல்லை. வீட்டுக்குள் எதற்குக் கோட்டு என்று கேட்காதீர்கள். அந்த அறை அவ்வளவு குளிர்.

உள்ளே போனால் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஹீட்டிங் இல்லாத வீட்டில், வெம்பிளியில் இருந்து வாடகைக்கு எடுத்த புரொஜெக்டர் நிற்கிறது. சுவரில் வெள்ளைத் திரை. கதிரைகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி, ஒன்று தோட்டத்துக் கதிரை. மூலையில் மீன் பொரியல், இனிப்பு எல்லாம் கடையில் இருந்து வந்து மூடி இருக்கிறது. வீட்டுக்காரர் பட்டுச் சால்வை போட்டுக்கொண்டு வாசலில் நின்று, தினமும் பார்க்கிற எங்களைப் புதிதாகப் பார்க்கிற மாதிரி வரவேற்றார். மகளுக்குக்கூடத் தலை குனிந்து வணக்கம் சொன்னார். அவள் என் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

பக்கத்து வீட்டுக் குஜராத்திக்காரர் முன்வரிசையில் இருந்தார். மெயின் ரோட்டில் அவருக்கு இரண்டு கடை. கலகலப்பான மனிதர், நல்ல மனிதர் என்றும் சொல்ல வேண்டும். மகளைக் கண்டால் சொக்லேட் கொடுப்பார். இந்த வீட்டை வாங்க அவர் பல தடவை கேட்டு, வீட்டுக்காரர் மறுத்துவிட்டார் என்பது தெருவுக்கே தெரியும். அவரையும் அதே தங்கக் கரை மட்டை கொடுத்துத்தான் அழைத்திருக்கிறார்.

படம் கறுப்பு வெள்ளை. பேச்சு வங்காளம். கீழே இங்கிலிஷ் எழுத்து, நான் இரண்டு சொல் வாசிக்கும் முன் போய்விடும். தம்பி பக்கத்தில் இருந்து மெதுவாகத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தான். ஒரு ஜமீன்தார். நிலமெல்லாம் கையை விட்டுப் போய்க்கொண்டிருக்கிறது. ஆனாலும் பெரிய கூடத்தில் பாட்டுக் கச்சேரி வைக்காமல் இருக்க அவரால் முடியவில்லை. அடுத்த காணியில் புதுப் பணக்காரர் ஒருவர், காரும் சிரிப்புமாக இருக்கிறார். நான் முதலில் அந்தக் கார்க்காரரைத்தான் கதாநாயகன் என்று நினைத்தேன். வேலைக்கார மனிதரை ஜமீன்தாரின் தமையன் என்று நினைத்தேன். அது தெளிவதற்குள் பாதிப் படம் போய்விட்டது.

"கச்சேரி வைக்கிற காசுக்கு அந்தாள் வீட்டுக் கூரையைத் திருத்தலாம்தானே தம்பி?" என்று கேட்டேன்.

"அதான் கா கதையே" என்றான் அவன். எனக்கு அது பதிலாகப் படவில்லை.

நான் திரையைப் பார்த்ததைவிட வீட்டுக்காரரைத்தான் அதிகம் பார்த்தேன். அவர் பின்னால், கதவோரம், நின்றுகொண்டே பார்த்தார். திரையில் அந்த மனிதரின் வீட்டில் சாமான் குறையக் குறைய, என் கண் தரையில் தெரிந்த கம்பளத்து அடையாளத்துக்குப் போய்வந்தது. இவர் எதற்காக இதைப் போட்டுக் காட்டுகிறார்? தன்னைப் பார்த்துத் தானே சிரிக்கிறாரா? எங்களுக்கு ஏதாவது சொல்கிறாரா? அல்லது பாட்டுக்காக மட்டும்தானா?

கடைசியில் திரையில் பெரிய கச்சேரி தொடங்கியது. இருக்கிற கடைசிக் காசையும் எடுத்து வைக்கிறார் அந்த ஜமீன்தார். ஆட்கள் வந்து உட்காருகிறார்கள். பாட்டு எழும்பியதுதான் தாமதம், டப் என்று எல்லாம் நின்றது. திரை இல்லை, சத்தம் இல்லை, கதவுக்கு வெளியே எரிந்த லைட்டும் இல்லை. சாவி மீட்டரில் காசு முடிந்துவிட்டது.

மகள் திடுக்கிட்டு எழுந்து அழத் தொடங்கினாள். வீட்டுக்காரர் இருட்டில் எல்லோரையும் அப்படியே இருக்கச் சொன்னார், ஒரு நிமிடத்தில் சரியாகிவிடும் என்றார். படிக்குக் கீழே மீட்டர் இருக்கிற இடத்தில் அவர் தடவுகிற சத்தம் கேட்டது. அவசரத்துக்குக் கடனாகக் கிடைக்கிற காசு கொஞ்சம் மீட்டரிலேயே உண்டு. அதையும் அவர் முன்னமே முடித்துவிட்டார் போல. திரும்பி வந்து ஒரு தேத்தண்ணீர்க் கோப்பைக்குள் மெழுகுதிரியை நட்டு வைத்தார். அந்த வெளிச்சத்தில் அவர் ஒரு கையால் சட்டைப் பொக்கற்றைத் தொட்டுவிட்டு, கையை எடுத்துக்கொண்டதைப் பார்த்தேன். அதில் ஒன்றும் இல்லை.

குஜராத்திக்காரர் எழும்பினார். என் கடையிலேயே மெஷின் இருக்கிறது, சாவியைத் தாருங்கள், இருபது பவுண் போட்டுக் கொண்டுவருகிறேன், இதெல்லாம் ஒரு காசா என்று சிரித்துக்கொண்டே பர்ஸை எடுத்தார். நல்ல மனதோடுதான் சொன்னார். எனக்கோ அப்பாடா என்று இருந்தது.

வீட்டுக்காரர் சாவியைக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அவர் சத்தம் போடவில்லை. "இது என் வீடு. நீங்கள் நான் அழைத்து வந்தவர்கள். பர்ஸை உள்ளே வையுங்கள்" என்று மட்டும் இங்கிலிஷில் சொன்னார்.

குஜராத்திக்காரரின் சிரிப்பு நின்றுவிட்டது. அவருடைய மனைவி அவர் கையைப் பிடித்து இருத்தினார். அதற்குப் பிறகு யாரும் கதைக்கவில்லை. மெழுகுதிரி மட்டும் எரிகிறது. தம்பி தன் காலில் கிடந்த சப்பாத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறான், வாடகை கொடுக்காதவன் எப்படிப் பேசுவான்? கணவர் என்னைப் பார்க்கிறார். மகள் இருட்டென்று விம்முகிறாள். வீட்டுக்காரர் நடுவில், சால்வையும் சாவியுமாக, எங்கே போவது என்று தெரியாமல் நிற்கிறார்.

நான் யோசித்துச் செய்தேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். எனக்கு அந்த அமைதி தாங்க ஏலவில்லை, அவ்வளவுதான். மகளைக் கணவரிடம் கொடுத்துவிட்டு எழுந்துபோய், கோட்டுக்குள் இருந்த உறையை எடுத்து நீட்டினேன்.

"அங்கிள், டுடே சாட்டர்டே. ரென்ட்."

அவர் உறையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு, ஆமாம், இன்று சனிக்கிழமை அல்லவா, நான் மறந்தே போனேன் மா என்றார். என்னை எப்போதும் 'மா' என்றுதான் கூப்பிடுவார். உறையைத் திறந்து இருபது பவுண் தாளை எடுத்து, சாவியையும் சேர்த்து மலேசியத் தம்பியிடம் கொடுத்து, தொந்தரவுக்கு மன்னிக்க வேண்டும், கொஞ்சம் போய்வர முடியுமா என்று கேட்டார். தம்பி கோட்டுக்கூடப் போடாமல் ஓடினான்.

அவன் சாவியோடு பிஸ்கட் பக்கற் ஒன்றையும் வாங்கிக்கொண்டு வந்தான். அது ஏன் என்று அவனுக்கே தெரியாது. லைட் வந்தது. வீட்டுக்காரர் படத்தைக் கொஞ்சம் பின்னால் ஓட்டி, கச்சேரியை முதலில் இருந்து போட்டார். இந்தத் தடவை அவரும் வந்து தோட்டத்துக் கதிரையில் இருந்தார். அந்தப் பாட்டு எனக்கு விளங்காது. ஆனால் அவர் விரல் முழங்காலில் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. இப்போதும் யாராவது அப்படித் தாளம் போட்டால் எனக்கு அந்த விரல்தான் ஞாபகம் வரும்.

படம் எப்படி முடிந்தது என்று சரியாகச் சொல்லத் தெரியவில்லை. அந்த ஜமீன்தாருக்கு நல்லது நடக்கவில்லை. அது மட்டும் விளங்கியது.

எல்லோரும் சாப்பிட்ட பிறகு வீட்டுக்காரர் குஜராத்திக்காரரின் மனைவி கையில் பெரிய இனிப்புப் பெட்டி ஒன்றைக் கொடுத்து வாசல்வரை போய் அனுப்பினார். புரொஜெக்டரை எடுக்க வந்த பையனுக்கு மேலதிகமாக ஏதோ கொடுத்தார். என் மகளின் கையைப் பிடித்து ஒரு பத்துப் பவுண் தாளை மடித்து வைத்தார். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். கணவர் என் காலை மிதித்தார். எங்கள் வாடகை எங்கள் கண் முன்னாலேயே கரைந்துபோனது. அடுத்த நாள் ஹீட்டிங் போட அவரிடம் காசு இருந்திருக்காது.

அறைக்கு வந்து, "இஞ்சேருங்கோ, நான் செய்தது சரியோ பிழையோ?" என்று கேட்டேன். கணவர், "சரிதான், ஆனா எங்கட டெபொசிட் போச்சு" என்றார். அடுத்த நாள் தம்பியும் அதைத்தான் சொன்னான். "நீங்க குடுக்கக் குடுக்க அவரு கச்சேரிதான் வைப்பாரு கா." அவன் சொன்னது பிழை என்று எனக்குச் சொல்ல முடியவில்லை. ஆனாலும் அடுத்த சனிக்கிழமையும் கொண்டுபோய்க் கொடுத்தேன். கொடுக்காமல் விட்டால் அவர் அந்த இருட்டிலேயே நிற்பார் போல ஒரு நினைப்பு.

ஒரு நாள் குசினியில் தைரியம் வந்து, எனக்குத் தெரிந்த இங்கிலிஷில் கேட்டேன். அந்தப் படத்து மனிதர் ஏன் அங்கிள் கூரையைத் திருத்தாமல் பாட்டு வைத்தார்? அவர் வாய்விட்டுச் சிரித்தார். இளவயதில் மனைவியோடு முதல் தடவை பார்த்தபோது தானும் அந்த ஆளைப் பார்த்துச் சிரித்ததாகவும், சிரிக்காதே என்று மனைவி கையில் அடித்ததாகவும் சொன்னார். முட்டையைத் திருப்பிப் போட்டார்.

சித்திரை முடிவதற்குள் வீடு கைமாறியது. பேங்க் எடுக்கும் முன்னமே அவர் தானாகவே குஜராத்திக்காரருக்கு விற்றுவிட்டார். விற்ற காசு கடனுக்கே போதவில்லையாம். குஜராத்திக்காரர் எங்களை அதே வாடகைக்கு இருக்கச் சொன்னார், மகளின் பள்ளிக்கூடம் தப்பியது. தம்பி தன் காசு கழிந்ததும் வேறு இடம் போய்விட்டான். வீட்டுக்காரருக்குத் லண்டனின் தெற்கே தோர்ண்டன் ஹீத் பக்கத்தில், முதியவர்களுக்குக் கவுன்சில் கொடுக்கிற அறை ஒன்று கிடைத்திருந்தது.

போகிற அன்று காலையில் எங்கள் கதவைத் தட்டினார். அதே இஸ்திரிச் சட்டை. தேத்தண்ணீர் போட்டுக் கொடுத்தேன். இரண்டு கையாலும் ஓர் உறையை நீட்டினார். எண்ணிப் பார்க்கச் சொன்னார். முந்நூற்றுத் தொண்ணூறு பவுண் இருந்தது. நான் வராது என்றே நம்பியிருந்த காசு. எனக்குக் கண் கலங்கிவிட்டது. பிறகு மெதுவாக, அறுபது குறைகிறது, தருவேன் என்றார்.

கணவர் இளகிய மனம் உள்ளவர். பரவாயில்லை அங்கிள், அது இருக்கட்டும், அதை விட்டுவிடுங்கள் என்றார். நானும் தலையாட்டினேன். யார் என்றாலும் அப்படித்தானே சொல்வோம்?

அவர் கோப்பையை மேசையில் வைத்தார். குடிக்கவில்லை. பர்ஸை உள்ளே வையுங்கள் என்று அன்று சொன்ன அதே முகம். "நான் உங்களிடம் வாங்கியது நானூற்றைம்பது" என்றார்.

எனக்கு அந்த மெழுகுதிரி ஞாபகம் வந்தது. அவசரமாகச் சொன்னேன்.

"ஓம் அங்கிள். சிக்ஸ்டி. யூ கிவ் லேட்டர்."

அவர் கோப்பையை எடுத்துக் கடைசி மிடறுவரை குடித்தார். வாசலில் செருப்பை மாட்டும்போது, நன்றி மா என்றார். காசு திருப்பிக் கொடுத்தவர் எங்களுக்கு எதற்கு நன்றி சொல்கிறார் என்று கணவர் கேட்டார். நான் கோப்பையை எடுத்துக்கொண்டு கழுவப் போனேன்.

அடுத்த வருடப் பிறப்புக்கு ஒரு தடவை போன் செய்தார். மகளின் படிப்பை விசாரித்தார். வைக்கும் முன் அறுபதை மறக்கவில்லை என்றார். நானும் மறக்கவில்லை அங்கிள் என்றேன். அதற்குப் பிறகு நாங்கள் எடுத்தபோது அந்த நம்பர் வேலை செய்யவில்லை.

அவர் செய்தது பெருந்தன்மையா, வீண் பெருமையா, நான் அன்று உறையை நீட்டியது உதவியா, நெருப்பில் ஊற்றிய எண்ணெயா என்று இன்றைக்கும் எனக்குப் பிடிபடவில்லை. அந்தப் படத்தையும் இதுவரை யாரும் எனக்கு முழுதாக விளங்கப்படுத்தவில்லை. ஒன்று மட்டும் தெரியும். அன்றைக்குப் பிறகு, திருப்பித் தருகிறேன் என்று ஒருவர் சொன்னால், பரவாயில்லை விடுங்கள் என்று நான் சட்டென்று சொல்வதில்லை. அந்த மனிதரைப் பற்றி யாராவது கேட்டால், பாவம் என்றும் சொல்வதில்லை, அவர் எங்களுக்கு இன்னும் அறுபது பவுண் தர வேண்டும் என்றுதான் சொல்கிறேன்.